அறுகம்பேயில் ஓர் அலைப் பருவம்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பேக்கு அலைச்சறுக்குக்காக வருகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்று நான்கு நாட்கள் தங்கி, பயிற்சியாளர் ஒருவரின் துணையுடன் பலகை மீது எழுந்து நிற்கும் அளவுக்குப் பழகிக்கொண்டு, எல்ல, காலி போன்ற வேறு சுற்றுலா ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கணினியில் செய்யக்கூடிய என் தொழிலைக் கையோடு எடுத்துக்கொண்டு, ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் இறுதி வரை நான் அங்கேயே தங்கியிருந்தேன். அலைச்சறுக்கைக் கற்க விரும்பும் ஒருவர் பல கடற்கரைகளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே கரையில் நீண்ட காலம் தங்குவதே மேல் என்பது அந்தப் பருவம் எனக்குத் தந்த உறுதியான எண்ணம். அலை வராத நாட்களும் அந்தப் படிப்பில் சேர்த்தி என்பது தங்கியிருப்பவருக்குத்தான் விளங்கும்.

கொழும்பிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில், அம்பாறை மாவட்டத்தின் தென்கரையில், பொத்துவில் நகரை அடுத்து இருக்கிறது அறுகம்பே. ஊர்க்காரர்கள் உல்லை என்றுதான் சொல்வார்கள். பொத்துவிலில் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். வடக்கே கோமாரி, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தமிழ்க் கிராமங்கள் தொடர்கின்றன. தெற்கே பாணமையில் சிங்களக் குடும்பங்கள் வாழ்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்தும் வரும் அலைச்சறுக்காளர்கள் மாதக்கணக்கில் தங்கியும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு வாழ்க்கை, தமிழ் பேசுகிறவருக்கு முதல் நாளிலேயே திறந்துவிடுகிறது. மீன் வாங்கும்போது, முச்சக்கர வண்டியில் போகும்போது, பள்ளிவாசல் சந்தியில் தேநீருக்கு நிற்கும்போது காதில் விழும் பேச்சு முழுவதும் நம்முடைய பேச்சு. இந்த வாய்ப்பை வைத்துக்கொண்டும் சுற்றுலாத் தெருவைத் தாண்டாமல் திரும்புகிறவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

பருவம் என்பது அங்கே ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீள்கிறது. தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்குக் கரையை நனைக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும். மலைநாட்டைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரத்தை இழந்து வெப்பமாக வீசும். ஆனால் அங்கு உடையும் அலைகளை இந்தக் காற்று எழுப்புவதில்லை. தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தில், இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் ஏறத்தாழ 40 முதல் 50 பாகை அகலாங்கில் சுழலும் புயல்களே அவற்றை எழுப்புகின்றன. 16 வினாடிக்கு ஒன்றாக வரும் அத்தகைய அலைகளின் கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது என்பதால், அங்கே புயல் வீசி ஐந்து நாட்கள் கழித்துத்தான் இங்கே கரையில் அதன் விளைவு தெரியும். வானிலைச் செயலிகளில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவதற்குக் காரணம், அலைகளுக்கு இடையிலான இந்த வினாடிக் கணக்கைக் கவனிக்காததே. ஒரு மீற்றர் உயரமுள்ள அலை எட்டு வினாடி இடைவெளியில் வந்தால் அது வலுவற்ற சலசலப்பு. அதே ஒரு மீற்றர் 15 வினாடி இடைவெளியில் வந்தால் கடலுக்குள் நீளும் நிலமுனையைச் சுற்றி வளைந்து, நெடுந்தூரம் ஒழுங்காக உடைந்து செல்லும். நான் ஒவ்வோர் இரவும் முதலில் பார்த்தது இடைவெளியை; பின்னர் அலை வரும் திசையை; உயரத்தைக் கடைசியில்தான்.

தங்குமிடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீண்ட தங்கல் நன்றாக அமைவதும் குலைவதும் அங்கேதான். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது காட்டப்படும் நாள் வாடகையை முப்பதால் பெருக்கி மலைத்துப்போக வேண்டியதில்லை. முதல் சில இரவுகளை மட்டும் எங்காவது பதிவு செய்துகொண்டு, வந்து இறங்கிய பின்னர் ஊருக்குள் நடந்து விசாரித்தால், பிரதான வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒழுங்கைகளில் மாத வாடகைக்கு அறைகள் கிடைக்கின்றன. நான் இருந்த அறை ஒரு குடும்பத்தின் வளவுக்குள் இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணியை ராத்தா (அக்கா) என்று அழைத்தேன். அவர் என்னைத் தம்பி என்றார். வாடகைப் பேச்சு அதன்பின் எளிதாகவே முடிந்தது. அறையைப் பார்க்கப் போகிறவர்கள் நடுப்பகலில் போக வேண்டும். தகரக் கூரையின் கீழ் பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்பது காலையில் பார்த்தால் தெரியாது. எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் உள்ளனவா, நுளம்புவலை கட்ட வசதி இருக்கிறதா, குளிக்க வருவது குழாய் நீரா கிணற்று நீரா, பலகையைக் கழுவி நிழலில் சாய்த்துவைக்க இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரையோர விடுதிகளில் வார இறுதி இசை விடியும்வரை நீளக்கூடும் என்பதால், அதிகாலையில் எழ விரும்புகிறவருக்குக் கரையிலிருந்து பத்து நிமிட நடைத்தூரம் நல்லது. கைப்பேசி இணையம் என் வேலைக்குப் போதுமானதாக இருந்தது. மின்வெட்டை எதிர்பார்த்து இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் மின்னேற்றி ஒன்றையும் வைத்திருந்தேன்.

கிழக்குக் கரையில் ஜூன் மாதத்துச் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அது அலையின் முகத்தை எதிர்த்துத் தாங்கிப் பிடிப்பதால் அலை வழுவழுப்பாக நின்று உடைகிறது. முற்பகல் பத்து, பதினொரு மணியளவில் கடற்காற்று எழும்பியதும் நீர்ப்பரப்பு கலங்கிவிடும். ஆகவே நாளின் ஒழுங்கைக் கடலே அமைத்துத் தந்தது. விடியலில் நீருக்குள், ஒன்பது மணியளவில் கரைக்கு, பின்னர் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும், அதன்பின் மாலை வரை வேலை. மாலையில் காற்று அடங்கும் நாட்களில் மீண்டும் ஒரு மணி நேரம் கடலில். இரவு ஒன்பதுக்குத் தூக்கம். இந்த ஒழுங்குக்குள் உடலைக் கொண்டுவர எனக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. வந்த பின்னர் வேலையின் தரமும் உயர்ந்தது.

அறுகம்பேயின் அலைகள் பெரும்பாலும் முனைகளை ஒட்டி உடையும் வலப்பக்க அலைகள். அதாவது, பலகையில் நிற்பவர் கரையைப் பார்த்தபடி தனக்கு வலப்புறமாகச் சறுக்கிச் செல்வார். ஊரின் தென்கோடியில் உள்ள மெயின் பொயின்ட்தான் புகழ்பெற்றது. அதன் அடியில் கற்பாறையும் முருகைக் கல்லும் (பவளப்பாறை) கிடக்கின்றன. அதே முனையின் உட்புறத்தில், மணல் அடித்தளத்தில் மெதுவாக உடையும் பேபி பொயின்ட் தொடக்கநிலையினருக்கு உரியது. பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்டும் பொத்துவில் பொயின்டும், தெற்கே பாணமை வீதியில் எலிபன்ட் ரொக்கும் பீனட் ஃபாமும் உள்ளன. தொடங்குகிறவர் முதல் மாதம் முழுவதையும் பேபி பொயின்டிலும் விஸ்கி பொயின்டிலும் கழிப்பதே முறை. அலை ஒன்று தன் உயரத்தின் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடைகிறது என்பது பொது விதி. தோளளவு அலை உடையும் இடத்தில் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று இதிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தால், பாறை மேல் அவசரப்படக் கூடாது என்பது தானே புரியும்.

எனக்குக் கற்பித்தவர் உல்லையில் பிறந்து வளர்ந்த, நாற்பது வயதைக் கடந்த ஒருவர். எல்லோரையும் போல நானும் அவரைக் காக்கா (அண்ணன்) என்றே அழைத்தேன். அவர் முதல் நாள் என்னை நீருக்குள் இறக்கவில்லை. "கடலப் பாக்காம பலகையத் தூக்காதீங்க தம்பி, முதல்ல இதுல குந்துங்க" என்று மணலில் உட்காரவைத்து, ஏறத்தாழ அரை மணி நேரம் அலைகளைப் பார்க்கச் சொன்னார். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை, கூட்டமாகத்தான் வருகின்றன. கூட்டம் ஓய்ந்த பின்னர் சில நிமிடங்கள் அமைதி. அந்த அமைதியில்தான் உள்ளே போக வேண்டும். நுரை இல்லாமல் கருத்துத் தெரியும் இடம் ஆழமானது; உடைந்த நீர் கடலுக்குத் திரும்பும் பாதையும் அதுதான்; தெரிந்தவருக்கு அது உள்ளே செல்லும் வழி, தெரியாதவரை அது இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து நுரை உடையும் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இவ்வளவையும் அவர் மணலில் விரலால் கோடு போட்டே விளக்கினார்.

அதன்பின் பலகைக்கு மெழுகு பூசுவதைக் காட்டினார். உலர்ந்த பலகையில், நிழலில், முதலில் கடினமான அடி மெழுகைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, சிறு சிறு மணிகளாகத் திரண்டு வரும்வரை விடக் கூடாது. அதன் மேல்தான் வெப்பமண்டல நீருக்குரிய மெழுகைச் சிறு வட்டங்களாக இலேசாகப் பூச வேண்டும். குளிர்நாடுகளிலிருந்து கொண்டுவரும் மெழுகு அங்கே வெயிலில் உருகி வழிந்துவிடும். மார்பு படும் இடத்திலிருந்து பின்கால் நிற்கும் இடம் வரை பூசினால் போதும். பூசிய பலகையை வெயிலில் கிடத்தக் கூடாது. கிடத்தினால் மெழுகு போவதுடன், உள்ளே நுரையும் மேலே நாரிழையும் பிரிந்து பலகையே கெட்டுப்போகும். நீண்ட காலம் தங்குகிறவர் முதல் மாதத்தில் எட்டு அடிக்கு மேற்பட்ட மென்பலகையை வார வாடகைக்கு எடுத்துப் பழகி, பின்னர் பழைய பலகை ஒன்றை விலைக்கு வாங்குவது சிக்கனமானது. நாள் வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டாம் மாதத்தில் பலகையின் விலையே போய்விடும்.

நீருக்குள் யாருக்கு முதல் உரிமை என்பது எழுதப்படாத சட்டம். அதைக் கற்காமல் மெயின் பொயின்டுக்குப் போவது மற்றவர்களுக்கு ஆபத்தாக முடியும். அலை முதலில் உடையும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் முன்னால் குறுக்கே எவரும் எழக் கூடாது. வெளியே திரும்பி நீந்துகிறவர், சறுக்கி வருபவரின் பாதையை விட்டு விலகி நுரைக்குள் போக வேண்டும். நுரையில் அடிபடுவது அவர் ஏற்க வேண்டிய பங்கு. பெரிய அலை வரும்போது பலகையைக் கைவிட்டு மூழ்கக் கூடாது, பின்னால் இருப்பவரின் தலையில் அது விழும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நெரிசல் அதிகம். ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு, பார்க்கும்போது ஒரு வார்த்தை பேசி, நல்ல அலை கிடைத்த மற்றவரைப் பாராட்டி இருந்தால், சில வாரங்களில் அவர்களே "போங்க, போங்க" என்று அலையை விட்டுக்கொடுப்பார்கள். ஒரு வாரம் வந்து போகிறவருக்கு அது கிடைப்பதில்லை.

காயங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முருகைக் கல் கீறினால் கீறல் சிறிதாகத் தெரிந்தாலும், கல்லின் நுண்துகள்கள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். உடனே கரையேறி, சுத்தமான நன்னீராலும் சவர்க்காரத்தாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துகள்களை அகற்றி, கிருமிகொல்லி இட்டு, காயம் மூடும்வரை கடலுக்குள் போகாமல் இருக்க வேண்டும். கடினமானது அந்தக் கடைசிப் பகுதிதான், ஏனென்றால் அலை நன்றாக வரும் நாட்களில்தான் காயமும் ஏற்படும். சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டால் பொத்துவில் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். நீண்ட கையுள்ள மேற்சட்டையும் முகத்துக்குத் துத்தநாகக் களிம்பும் தோலைக் காப்பாற்றும். குளித்த பின்னர் காதில் நீர் தேங்க விடக் கூடாது.

தெற்கே உள்ள கடற்கரைகளுக்குப் போகிறவர்கள் களப்புகளின் அருகே கவனமாக இருக்க வேண்டும். அந்த நீர்நிலைகளில் முதலைகள் வாழ்கின்றன. 2017 செப்டெம்பரில் எலிபன்ட் ரொக் பகுதியில் களப்போரம் போன வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. கடலில் குளித்தபின் உடலில் ஒட்டிய மணலைக் கழுவுவதற்குக்கூட அந்தக் களப்பு நீரில் கால் வைக்கக் கூடாது. பாணமை வீதியில் அந்தி சாய்ந்ததும் யானைகள் குறுக்கிடும் என்பதால், மாலை அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவதுதான் ஊரார் வழக்கம்.

உல்லை ஒரு சுற்றுலாத் தலம் ஆவதற்கு முன்பே மீனவர் கிராமமாக இருந்தது, இன்றும் அப்படித்தான். கடற்கரையின் ஒரு பகுதியில் வள்ளங்கள் ஏற்றப்பட்டிருக்கும். வலை உலர்த்தும் இடத்தில் துவாய் விரித்துப் படுப்பது, மீன் இறக்கும் நேரத்தில் வழியை மறித்துப் படம் பிடிப்பது எல்லாம் தொழிலுக்கு இடையூறு. கடற்கரையை விட்டு வீதிக்கு வரும்போது மேலாடை அணிந்து வருவதும், பொத்துவில் சந்தைக்குப் போகும்போது முழங்கால் மூடிய உடை அணிவதும் அங்கு எதிர்பார்க்கப்படும் மரியாதைகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பல மூடியிருக்கும் என்பதால், சாமான்களை வியாழனன்றே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். வங்கி வேலைகளையும் சந்தைச் செலவையும் பொத்துவிலில் வைத்துக்கொண்டால் விலையும் குறைவு, ஊரின் முகமும் தெரியும். நான் இருந்த ஜூன் மாதத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ராத்தாவின் வீட்டிலிருந்து என் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்த அந்த நாளிலிருந்துதான் நான் அந்த ஒழுங்கையில் வாடகைக்காரனாகப் பார்க்கப்படவில்லை.

கதிர்காம முருகன் கோயிலின் ஆடிவேல் விழாக் காலத்தில் அங்கே இருக்கக் கிடைப்பது பெரும் பேறு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கி நடந்து வரும் அடியார்கள் கிழக்குக் கரை வழியே பொத்துவிலையும் பாணமையையும் கடந்து, உகந்தை முருகன் கோயிலில் தங்கி, பின்னர் குமண, யால காடுகளுக்குள் நுழைகிறார்கள். அந்தக் காட்டுப் பாதை ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே யாத்திரிகர்களுக்காகத் திறக்கப்படுகிறது. உகந்தை அறுகம்பேயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பலகையைக் கூரையில் கட்டிய முச்சக்கர வண்டிகள் தெற்கே ஓடும் அதே வீதியில், காவி உடுத்து, தலையில் பொதி சுமந்து, அரோகரா சொல்லிக்கொண்டு முதியவர்கள் வெறுங்காலுடன் நடந்து செல்வார்கள். அந்த நாட்களில் வண்டியை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தல்கள் சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஊரின் பெண்கள் நீண்ட காலம் அலைகளைக் கரையிலிருந்தே பார்த்தவர்கள். 2018இல் உருவான அறுகம்பே பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அதை மாற்றத் தொடங்கியது. இலங்கையில் பெண்களுக்கென்று அமைந்த முதல் அலைச்சறுக்குக் கழகம் அதுதான். பேபி பொயின்டில் அவர்கள் பழகுவதைப் பார்க்கும் பெண் பயணிகள் தயங்காமல் பேசிப் பழகலாம். அந்தக் கூட்டம் கலகலப்பானது.

ஆறு மாத வருமானத்தில் ஓர் ஆண்டை ஓட்டும் ஊர் அது என்பதை நீண்ட நாள் தங்குகிறவர் மனத்தில் கொள்ள வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை அந்தக் கரையை அழித்தது. களப்பின் மேலிருந்த பழைய பாலமும் சேதமுற்றது. அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இல்தான் திறக்கப்பட்டது. அதன்பின் 2019 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) குண்டுத் தாக்குதல், பெருந்தொற்று, 2022 எரிபொருள் தட்டுப்பாடு, 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த பாதுகாப்பு எச்சரிக்கை என ஒவ்வொன்றும் பயணிகளின் வரவைக் குறைத்தது. ஆகவே பயிற்சிக்கும் அறைக்கும் கடைசி ரூபாய் வரை பேரம் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மாத வாடகையை முன்கூட்டிக் கொடுத்தேன். பலகை பழுதுபார்ப்பதையும் துணி வெளுப்பதையும் சாப்பாட்டையும் இயன்றவரை ஊர்க்காரர்களிடமே வைத்துக்கொண்டேன்.

இந்தியாவிலிருந்து நீண்ட தங்கலுக்கு வருகிறவர்கள், சுற்றுலா விசா எத்தனை நாளைக்குச் செல்லும் என்று பார்த்து, நீடிப்புக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசாவில் அங்கே கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு இரவுப் பேருந்துகள் உண்டு; நீண்ட பலகையுடன் வருகிறவர் முன்னரே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். மட்டக்களப்பு வரை ரயிலில் வந்து, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகக் கரையோரப் பேருந்தில் இறங்குவது மெதுவானதென்றாலும், கிழக்கை முழுதாகக் காட்டும் வழி அது.

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து கூட்டம் குறையும், அலை இருக்கும்; எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த காலைகள் அந்த வாரங்களில்தான். பலகையை விற்க நினைப்பவர் அதற்கு முன்பே, ஓகஸ்ட் இறுதிக்குள் விற்றுவிட வேண்டும். பின்னர் வாங்க ஆள் இருக்காது. அல்லது வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து வரலாம். நான் அப்படித்தான் செய்தேன். அடுத்த பருவத்துக்கு அறை வேண்டுகிறவர்கள் பெப்ரவரியிலேயே தொலைபேசியில் சொல்லிவைப்பது நல்லது. ஏப்ரலில் கேட்டால் ஒழுங்கைகளில் மாத வாடகைக்கு இடம் கிடைப்பது அரிது.